திருத்தும் மேசையிலிருந்து ஒரு மருத்துவக் கருவிக் கம்பனி: திருகோணமலையில் தொடங்க நினைப்பவர்களுக்கு

மருத்துவக் கருவிக் கம்பனி தொடங்கப் போகிறோம் என்று ஆலோசனை கேட்டு வருபவர்களில் அநேகர் கையில் விலைப்பட்டியலோடுதான் வருகிறார்கள். எந்த பிராண்டுக்கு ஏஜென்சி எடுக்கலாம், ஒரு கார்ட்டன் இறக்கினால் எவ்வளவு மிஞ்சும், கொழும்பு விலைக்கும் திருகோணமலை விலைக்கும் இடைவெளி என்ன என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். உலகத்தில் நிலைத்து நின்ற கம்பனிகளின் தொடக்கத்தைப் பார்த்தால் கணக்கு வேறு. அவற்றில் சில பெட்டி விற்றுத் தொடங்கின, சில பழுது பார்த்துத் தொடங்கின. திருகோணமலை மாதிரி ஒரு துறைமுக ஊருக்கு இரண்டாவது வழிதான் சரிவரும் என்பது எங்கள் கருத்து.

இன்று பேஸ்மேக்கர் என்றதும் நினைவுக்கு வரும் மெட்ரோனிக், 1949 ஏப்ரலில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு கராஜில் தொடங்கியது. ஏர்ல் பேக்கன் மின்பொறியியல் மாணவர். பாமர் ஹெர்மண்ட்ஸ்லி அவருடைய உறவினர். வேலை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் பழுதாகும் கருவிகளைத் திருத்துவது. முதல் மாத வருமானம் 8 டொலர், அதுவும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் திருத்திய கூலி. பிறகு மற்றக் கம்பனிகளின் பொருட்களை விற்றுக் கொடுக்கும் முகவர்களாகவும் ஓடினார்கள். 1957 ஒக்டோபர் 31ஆம் திகதி அந்நகரில் மின்சாரம் நின்றது. அப்போதைய பேஸ்மேக்கர் சுவர் மின்சாரத்தில் ஓடுவது. அதை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்தது. இருதய அறுவை நிபுணர் வால்டன் லில்லெஹெய், பற்றரியில் ஓடும் ஒன்று வேண்டுமென்று பேக்கனிடம் கேட்டார். ஒரு மின்னணு இதழில் வந்திருந்த மெட்ரோனோம் சுற்றை மாற்றி, இரண்டு ட்ரான்சிஸ்டரோடு நான்கு வாரத்தில் செய்து கொடுத்தார் பேக்கன்.

இந்தக் கதையில் எல்லாரும் அந்த நான்கு வாரத்தைத்தான் பேசுவார்கள். அதற்கு முந்திய எட்டு வருடம்தான் தொழிலுக்குப் பாடம். திருத்துகிறவன் என்ற முறையில் அவர் தியேட்டருக்குள் போய்வந்துகொண்டிருந்தார். எந்த வயர் எங்கே முறியும், எந்தக் குமிழை தாதி பயத்தில் தொடமாட்டார் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. லில்லெஹெய்க்கு வேறு ஆளைத் தேடவேண்டியிருக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: பேஸ்மேக்கர் விற்கத் தொடங்கிய பிறகும், 1960களின் தொடக்கத்தில் அந்தக் கம்பனி கையில் காசில்லாமல் மூடும் நிலைக்கு வந்து, வெளி முதலீட்டால்தான் தப்பியது. விற்பனை கூடுவதும் காசு கையில் நிற்பதும் ஒன்றல்ல.

விற்றுத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். பெக்டன் டிக்கின்சன் கம்பனியின் மக்ஸ்வெல் பெக்டனும் ஃபெயார்லி டிக்கின்சனும் 1897இல் கூட்டுச் சேர்ந்தபோது இறக்குமதி வியாபாரிகள். முதலில் விற்றது முழுக்கக் கண்ணாடியாலான லூயர் சிரிஞ்சு ஒன்று, 2.50 டொலருக்கு. அந்தச் சிரிஞ்சின் நுனிச் சரிவு 6 சதவீதம். இன்றைக்கும் உலகம் முழுக்க ஊசியும் சிரிஞ்சும் பூட்டிக்கொள்வது அந்தச் சரிவில்தான். பிரஷர் கருவியின் ரியூப் இணைப்புகள் பலவற்றிலும் அதே லூயர்தான். ஆண், பெண் இரு பக்க லூயர் இணைப்பு ஒரு பை நிறைய இல்லாமல் மேசையைத் தொடங்கவேண்டாம்.

ஜப்பானின் டெருமோ கம்பனி 1921இல் பிறந்ததற்குக் காரணம் உடல்வெப்பமானி கிடைக்காமை. முதலாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வரவு நின்றுபோக, கிட்டசாட்டோ ஷிபாசபுரோ உள்ளிட்ட மருத்துவர்கள் உள்ளூரிலேயே செய்யும் முயற்சிக்குத் தோள் கொடுத்தார்கள். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது இங்கேயும் அதே நிலை வந்தது. புதுக் கருவி வராது, உதிரிப்பாகமும் வராது. இருக்கிறதைத் திருத்தத் தெரிந்தவனைத் தேடித்தான் எல்லாரும் போனார்கள்.

சரி, மேசைக்கு வருவோம்.

திருகோணமலையில் கருவிகளைக் கெடுப்பது பாவனை அல்ல, காற்று. உப்புவெளி, நிலாவெளி, டொக்யார்ட் பக்கம், உட்துறைமுகக் கரை என்று எந்தக் கிளினிக்கை எடுத்தாலும் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாடைக்காலத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து பித்தளையில் களிம்பு ஏற்றும், பற்றரி முனையில் கறள் பிடிக்க வைக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் சூடும் புழுதியும் றப்பரை வெடிக்க வைக்கும். ஆகவே முதலில் பழக வேண்டியது எல்லாக் கிளினிக்கிலும் இருக்கிற, இரண்டாலும் கெடுகிற ஒரு சாமான்: டயல் பிரஷர் கருவி.

வரும் முறைப்பாடு இரண்டுதான். “தம்பி, காத்து ஏறுது, நிக்குதில்ல.” அல்லது, “ஊசி பூச்சியத்துக்கு வருதில்ல.”

காற்று நிற்காத கருவியை உடனே கழற்றக்கூடாது. கஃப்பை, அதாவது கையில் சுற்றும் பட்டையை, ஒரு கண்ணாடிப் போத்தலில் இறுகச் சுற்றி 200 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றி வால்வைப் பூட்டுங்கள். முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அழுத்தும்போது சூடான காற்று ஆறுவதாலும் கஃப் இளகுவதாலும் ஊசி சற்று இறங்கும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு. பிறகு றப்பர் உறை போட்ட ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் கஃப் பக்க ரியூபை நெரியுங்கள். கசிவு நின்றால் கோளாறு கஃப்பில், அதாவது உள்ளே இருக்கும் றப்பர் பையில். நிற்காவிட்டால் பல்ப், அதாவது கையால் அமத்திக் காற்று ஏற்றும் றப்பர் உருண்டை, இருக்கும் பக்க ரியூபை நெரியுங்கள். இப்போது நின்றால் வால்வு அல்லது பல்ப். இரண்டிலும் நிற்கவில்லையென்றால் டயல் உள்ள கேஜும் அதன் கழுத்தும். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி பார்க்கலாம். கேஜை மட்டும் தண்ணீரில் முக்கவேண்டாம், ஒரு சொட்டு உள்ளே போனாலும் பல்லுச் சக்கரம் கறள் பிடித்துவிடும்.

இந்த ஊரில் பெரும்பாலும் வால்வுதான். திருகின் கூம்பு நுனியில் பச்சையாகக் களிம்பு ஏறி, இருக்கையோடு சரியாகப் பொருந்தாமல் போகும். தாதி இன்னும் இறுக்குவார், இருக்கை கீறுப்படும், பிறகு எந்தத் துப்பரவும் உதவாது. கழற்றி, வெள்ளை வினாகிரியில் சில நிமிடம் வைத்து, சுத்தமான தண்ணீரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள். சிலிக்கன் கிறீஸ் திருகின் மரையில் மட்டும், மிக மெல்லிசாக. கூம்பில் பட்டால் அது தூசியைப் பிடித்து அடுத்த கசிவைத் தொடக்கிவைக்கும்.

பல்ப்பை அமத்திவிட்டால் ஊதிவராமல் சப்பையாகவே நின்றால், வால் பக்கத்து உள்வாங்கும் வால்வில் தூசி. கஃப்பிலிருந்து காற்று திரும்பி வந்து பல்ப் உப்பினால் முன் வால்வு. இந்த இரண்டுக்கும் புதுப் பல்ப் விற்பது பாவம், சின்ன வால்வுதான் மாற்றவேண்டும். வெளிப்புறம் மயிர்க்கோடு மாதிரி வெடித்த பல்ப்பை மட்டும் மாற்றுங்கள்.

ஊசிப் பிரச்சினை இதைவிட ஆபத்தானது. பூச்சியத்தில் நிற்காத ஊசியைத் திருப்பி வைத்துக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை, அதனாலேயே பலர் அப்படிச் செய்கிறார்கள். பூச்சியத்தில் 6 கூடக் காட்டுகிற கருவி 200இலும் 6 கூடக் காட்டினால் திருப்பி வைப்பது சரி. பூச்சியத்தில் 2, 200இல் 10 என்றால் உள்ளே இருக்கும் உலோகச் சவ்வு இளகியிருக்கிறது, அல்லது பல்லு தேய்ந்திருக்கிறது. அப்படியான கேஜுக்கு ஊசியைத் திருப்பினால் பூச்சியம் அழகாக நிற்கும். நோயாளியின் அழுத்தம் தொடர்ந்து பிழையாகவே வரும். 0, 50, 100, 150, 200, 250 என்று ஏறும்போதும் இறங்கும்போதும் எழுதிப் பாருங்கள். எங்கும் பிழை 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே புள்ளியில் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலும் கேஜ் கழிவுதான். பூச்சியத்தில் ஊசியைத் தடுக்கக் குட்டி ஆணி வைத்த மலிவு டயல்களை நாங்கள் எடுப்பதே இல்லை. பிழை அந்த ஆணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல டிஜிட்டல் மனோமீற்றர் (அழுத்தமானி) ஒன்று கட்டாயம் வேண்டும். கஃப்புக்குப் பதில் 500 மில்லிலீற்றர் உலோக அல்லது தடித்த கண்ணாடிக் கலம் பூட்டினால் அளவு ஆடாமல் நிற்கும். நான்கு வாயுள்ள ஒரு இணைப்பில் கலம், பரீட்சிக்கும் கேஜ், மனோமீற்றர்; பல்ப் நான்காவது வாயில். அந்த மனோமீற்றரையே சந்தேகப்படும் நாள் வரும். அதற்குக் காசில்லாத வழி தண்ணீர். ஒளி புகும் ரியூபை U வடிவில் சுவரில் அடித்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். 1 மி.மீ. பாதரசம் என்பது 13.6 மி.மீ. தண்ணீர். எங்கள் ஊர்ச் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் 100 மி.மீ. பாதரசத்துக்கு இரண்டு மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 137 செ.மீ. வரவேண்டும். மாடிப்படி இருந்தால் 200 வரைக்கும் பார்க்கலாம், 2.74 மீற்றர். ரியூபில் காற்றுக் குமிழி நின்றால் அளவு பிழைக்கும், தட்டி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கஃப் பற்றி வியாபாரிகள் பேசுவதில்லை. உள்ளிருக்கும் றப்பர் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமும் அகலம் 40 சதவீதமும் இருக்கவேண்டும். பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் அழுத்தம் கூடக் காட்டும், ஆள் தேவையில்லாத குளிசை விழுங்குவார். ஒரு கருவி திருத்த வரும்போது கஃப்பின் அளவையும் பார்த்து எழுதிவிடுங்கள். பெரிய கஃப் ஒன்று விற்பதற்கு அதைவிட நேர்மையான சந்தர்ப்பம் இல்லை. கஃப்பின் துணி உறையை ஊர்த் தையல்காரரிடமே தைப்பிக்கலாம். இழுபடாத நைலோன் துணி மட்டும். இழுபடும் துணி வெளிப்பக்கமாக உப்பி அளவைக் கெடுக்கும். தையல் இரட்டைக் கோடாக ஓடவேண்டும், பைக்குக் கிட்டவும் ஊசி போகக்கூடாது. ஒட்டும் பட்டையின் கொக்கிகளில் நூல் தும்பு அடைத்தால் பழைய பல்துலக்கி போதும்.

பாதரசக் கருவி வந்தால் திறக்கவேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை 2017 ஓகஸ்ட் 16இல் அமுலுக்கு வந்தது. பாதரசப் பிரஷர் கருவிகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020ஐக் கடைசி ஆண்டாக வைத்தது. ஒரு கருவிக்குள் 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும். சிந்தினால் தும்புத்தடியோ வக்கூம் கிளீனரோ எடுக்காமல், யன்னலைத் திறந்து, இரண்டு கடதாசி மட்டையால் குமிழிகளை ஒன்றுசேர்த்து சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் மேலே நிற்கும்படி மூடியுள்ள போத்தலில் அடைத்துவையுங்கள். கானுக்குள் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் துறைமுகம். அங்கே பிடிக்கும் மீனைத்தான் மத்தியானம் சாப்பிடுகிறோம்.

டிஜிட்டல் பிரஷர் கருவிக்கு இவ்வளவு சொல்ல இல்லை. ஒம்ரோனைத் தொடங்கிய கசுமா டட்டெய்ஷியின் முதற் பொருள் எக்ஸ்ரே படத்துக்கான நேரக்கட்டுப்பாட்டுக் கருவி, கம்பனி 1933இல். பிரஷர் கருவிக்கு அவர்கள் வந்தது 1973இல். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் அந்த வகைக் கருவிகளில் எங்களிடம் வருபவற்றில் பெரும்பங்கு பற்றரி ஒழுகி முனை அரித்தவை. முனையை வினாகிரித் துணியால் துடைத்து, அல்ககோலால் கழுவி, ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றவேண்டும். ஒரு மாதம் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றச் சொல்லி மூடியின் உட்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம்.

இனி நெபுலைசர், மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி. புகை குறைவு என்றுதான் கொண்டுவருவார்கள், மோட்டார் போய்விட்டது என்று அவர்களே முடிவும் சொல்வார்கள். முதலில் காற்று வடிகட்டி: சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள், கழுவவேண்டாம். பிறகு ரியூப் இணைப்பு. பிறகு மருந்துக் குப்பியின் ஜெட் துவாரம், சேலைன் உப்புக் காய்ந்து அடைத்திருக்கும். இளஞ்சூட்டு வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்தால் கரையும். ஊசி விட்டுக் குத்தக்கூடாது; துவாரம் பெருத்தால் துளிகளும் பெருக்கும், சுவாசக் குழாயின் ஆழத்துக்குப் போகவேண்டியவை 1 முதல் 5 மைக்ரோன் வரை. 3 மில்லிலீற்றர் சேலைன் பத்து நிமிடத்தை ஒட்டி முடியவேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் இழுபட்டால் அப்போது பிஸ்டன் றப்பரைப் பாருங்கள்.

இதில் கனடாச் சாமான் தனி அத்தியாயம். வெளிநாட்டு உறவுகள் அன்போடு அனுப்பும் கருவிகள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸில் ஓடுபவை. நேரே செருகினால் அன்றைக்கே முடிந்தது. ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் வோல்ற் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. 50 ஹேர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும்: காற்றுக் குறையும், மோட்டார் சூடேறும், விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு இன்னும் கூடும். மோட்டாரை நம்பிய நெபுலைசர், சக்ஷன், ஒக்சிசன் கொன்சன்ட்ரேற்றர் எதையும் அங்கிருந்து அனுப்பவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது. லண்டன், பாரிஸ், சூரிச்சிலிருந்து வருபவை 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிளக் மாற்றினால் போதும். 100 முதல் 240 வோல்ற் வரை என்று முத்திரையிட்ட அடப்டரில் ஓடும் மொனிற்றர்கள் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை.

நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஓட்டோகிளேவில் எங்கள் எதிரி கிணறு. கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு ஹீற்றரில் படியும், உப்பு அறையின் சுவரைக் குழி குழியாக அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும். ஏசியில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அது அலுமினியத் தகட்டையும் பூஞ்சையையும் கழுவி வருகிற தண்ணீர். இதைவிடப் பெரிய பிழை, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வைப் பூட்டுவது. கேஜில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டும், எல்லாரும் 121 பாகை என்று நம்புவார்கள். பாதிக் காற்று உள்ளே நின்றால் அதே 15 இறாத்தலில் வெப்பம் 112 பாகைதான், காற்று முழுவதும் நின்றால் 100. நீராவி தொடர்ச்சியாகச் சீறிவரும் வரை வால்வு திறந்திருக்கவேண்டும். திருத்திய பிறகு வெறும் கேஜைக் காட்டிக் கொடுக்காமல், நிறம் மாறும் இரசாயனப் பட்டி ஒன்றைச் சாமான்களின் நடுவில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். கதவு வளையமும் பாதுகாப்பு வால்வும் அசல் அளவில் கிடைக்காவிட்டால் வேலையை ஏற்கவேண்டாம். இங்கே “சமாளிக்கலாம்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஈசீஜியில் கோடு நடுங்கினால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள். நிலாவெளிப் பக்க மணலில், ஆனி ஆடி மாதங்களில், எர்த் கம்பியைச் சுற்றிய மணல் காய்ந்து தடை ஏறிவிடும். பிளக்கைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டும்போது நடுக்கம் நின்றால் கோளாறு கட்டடத்தில். அதற்கு மின்னியலாளரைக் கூப்பிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் பில்லில் சேர்க்கவேண்டாம்.

உற்பத்தி ஆசை உள்ளவர்கள் மதுரையைப் பார்க்கலாம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இறக்குமதி விலைக்கு வாங்கி ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதைத் தாங்களே செய்ய 1992இல் ஔரோலாப் பிறந்தது. தொழிற்சாலை வருவதற்கு முன்னரே வாங்குகிற ஆஸ்பத்திரி இருந்தது, வில்லையைக் கையில் எடுத்துக் குறை சொல்லும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். உங்களுக்கு அப்படியொரு வாங்குநர் இருக்கிறாரா என்பது இயந்திரம் வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி.

கடதாசி வேலை. தனியாள் வியாபாரமானால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கம்பனியாக்குவதானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். திருத்துவதிலிருந்து இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தாண்டும்போது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் குறுக்கே வரும். சாமானுக்கு முற்பணம் கட்டிவிட்டு அனுமதிக்கு ஓடுபவர்கள் உண்டு. வரிசையை மாற்றிச் செய்யுங்கள். உங்கள் மனோமீற்றருக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடச் சான்றிதழ் இல்லாமல் யாருக்கும் அளவுத்திருத்தச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கவேண்டாம். சரிபார்த்த திகதி, ஆறு புள்ளியிலும் கண்ட அளவு, அடுத்த சரிபார்ப்பு மாதம்: இவ்வளவையும் ஒரு லேபலில் எழுதி ஒட்டினால் போதும். அதே விபரம் கருவியின் தொடர் இலக்கத்தோடு உங்கள் கொப்பியிலும் இருக்கவேண்டும். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பியே எந்தப் பாகத்தை எத்தனை வாங்கி வைப்பது என்று காட்டிவிடும்.

கூலியைப் பார்வைக் கூலி, திருத்தக் கூலி, பாகத்தின் விலை என்று பிரித்து எழுதுங்கள். திருத்தமுடியாத கருவிக்கும் பார்வைக் கூலி உண்டு என்று வாங்கும்போதே சொல்லிவிடவேண்டும். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டை, கந்தளாய்ப் பக்கங்களுக்குப் போகும்போது மாற்றுக் கருவி ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழுதை எடுத்துவாருங்கள். ஒரே ஒரு நெபுலைசர் வைத்திருக்கும் டிஸ்பென்சரியால் மூன்று நாள் பொறுக்கமுடியாது. அரச நிறுவனங்களின் கொடுப்பனவு தாமதமாகத்தான் வரும், ஆகவே மாத வாடகையும் சம்பளமும் தனியார் கிளினிக்குகளின் பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து வரும்படி பாருங்கள். மெட்ரோனிக்கையே மூடப்பார்த்தது சாமான் விற்காமையல்ல என்பதை நினைவில் வைக்கலாம்.

பல்ப், வால்வு, கஃப் பை, நெபுலைசர் வடிகட்டி, சிலிக்கன் ரியூப், சிலிக்கா ஜெல் எல்லாவற்றையும் புரட்டாசியிலேயே கொழும்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழைவெள்ளம் வீதியை மறித்தால் பார்சல் வராது, சளி இழுப்பு நோயாளிகளோ அந்த மாதங்களில்தான் கூடுவார்கள். எடுத்த றப்பர்ச் சாமானைத் தகர மேற்கூரைக்குக் கீழே அடுக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், வெயில் படாத கீழ்த்தட்டில், வாங்கிய மாதத்தை வெளியே எழுதி வையுங்கள். பழையதை முதலில் எடுக்கவேண்டும்.